புதுச்சேரி முதல் திருக்கடையூர் வரை: நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் ஒரு நாளை ஓட்டி முடிப்பது எப்படி

சென்னையிலிருந்து கடலோரமாகவே இராமேசுவரம் நோக்கி சைக்கிளில் இறங்குகிறவர்களுக்குப் புதுச்சேரிக்குத் தெற்கே வரும் நாள்தான் முதல் சோதனை. கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். லாரி, டவுன் பஸ், அறுவடைக் காலமென்றால் டிராக்டர் எல்லாம் அதே சாலையில்தான். திருக்கடையூர் வரை ஏறக்குறைய 110 கி.மீ. ஏற்றம் என்று பார்த்தால் மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். ஆனாலும் சிதம்பரத்திலேயே சுருண்டுவிடுகிறவர்கள் உண்டு. காலில் வலு இல்லாததால் அல்ல. எட்டு மணிக்குக் கிளம்பி, பசித்த பிறகு சாப்பிட்டு, தாகம் எடுத்த பிறகு குடித்து, டயரில் குத்தியதை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்.

முதலில் கணக்கு. பின்பக்கம் 12 கிலோ சாமானோடு ஒரு சைக்கிள் சமதரையில் மணிக்கு 16 முதல் 18 கி.மீ. போகும். தண்ணீருக்கும் டீக்கும் நிற்பதைச் சேர்த்தால் 13, 14 என்று ஆகிவிடும். 110 கி.மீ.க்கு எட்டு மணி நேரம். மதிய ஓய்வு இரண்டு மணி நேரம் தனி. காலை 6 மணிக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்குள் சேரலாம். தை மாதம் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆக, இரண்டு பஞ்சருக்கும் ஒரு வழி தவறுதலுக்கும் கையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஏழரைக்குக் கிளம்பினால் அந்த ஒன்றரை மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். நடுவில் என்ன நடந்தாலும் கடைசி 15 கி.மீ. இருட்டில்தான்.

எந்த மாதம் போவது என்பது எந்தத் திசையில் போவது என்பதையும் தீர்மானிக்கும். தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். தெற்கே போகிறவர்களுக்கு முதுகில் தள்ளும் காற்று அது. பங்குனிக்கு மேல் தெற்கிலிருந்து காற்று எழும்பும், வெயிலும் ஏறும். அப்போது இதே வழியில் தெற்கே போவது வீண் வேலை. பயணத்தையே திருப்பி இராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று சாதகம்தான், ஆனால் மழையும் புயலும் சேர்ந்தே வரும். ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். சைக்கிள் போகும் அந்த ஓரத்தில்தான் அவர்களும் நடப்பார்கள். அந்த நாட்களில் வேகக் கணக்கு எதுவும் செல்லாது.

இனி வரும் விவரங்கள் தை, மாசிக்கானவை.

முந்தைய இரவு

நாளைய நாள் இன்று இரவே தொடங்குகிறது. விடுதி அறையில் செய்ய வேண்டியது முக்கால் மணி நேர வேலை. இதைக் காலையில் வைத்துக்கொண்டால் ஆறு மணிக்குக் கிளம்ப முடியாது.

செயினில் தொடங்குங்கள். பழைய வேட்டித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் மேலே ஒட்டிய மணலும் கரியும் துணியில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், உள்பக்கமாக. பத்து நிமிடம் ஊறவிட்டு வெளியில் தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெயில்தான் கடற்கரை மணல் ஒட்டி, செயினையும் பல்சக்கரத்தையும் அரைக்கிறது. செயின் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு நாளைக்குத் தாங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் எண்ணெய் விடும்போது டிஸ்க்கின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். ஒரு சொட்டு தெறித்தாலும் பிரேக் கட்டை கத்தத் தொடங்கும், பிடிப்பும் போகும்.

அடுத்து கேரியர் போல்ட்டுகள். பெரும்பாலும் இவை 5 மி.மீ. போல்ட்டுகள், 4 மி.மீ. ஆலன் கீ போதும். சாமான் எடையும் வேகத்தடைகளும் சேர்ந்து ஒரே நாளில் கால் சுற்று இளகிவிடும். இளகிய போல்ட் ஆடும், ஆடினால் உடையும். உடைந்த துண்டு ஃபிரேமுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அதை எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். தினமும் இரவு நாலையும் இறுக்கிவிடுங்கள். திருகில் ஒரு துளி நகப்பூச்சு தடவினால் இளகுவது வெகுவாகக் குறையும். மாற்றாக 16 மி.மீ. நீளத்தில் நாலு போல்ட்டும் ஒரு பிடி பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும் பையில் கிடக்கட்டும்.

போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்றிருந்தால் சக்கரத்தில் கோட்டம் விழப்போகிறது. பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிகள்தான் பெரும்பாலும் முதலில் அறும், அந்தப் பக்கத்துக் கம்பிகளில் இழுவிசை அதிகம் என்பதால். கடலூரிலோ சிதம்பரத்திலோ கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். நடுவழியில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

காற்றழுத்தத்தில் ஊகம் வேண்டாம், அளவுமானி உள்ள பம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், 32 மி.மீ. டயருக்குப் பின்னே 65 முதல் 70 பி.எஸ்.ஐ., முன்னே 50 முதல் 55. டயர் 38 மி.மீ. என்றால் பின்னே 55, முன்னே 45. இதற்குக் கீழே போனால் பள்ளத்தில் விழும்போது ரிம் டியூபைக் கடிக்கும். ரொம்ப மேலே ஏற்றினால் வண்டி குதிக்கும், கை மரத்துப்போகும்.

சாமானைக் கட்டுவதில் ஒரே விதி: கனமானது கீழே, இரண்டு பக்கமும் சம எடை. முதுகுப்பை வேண்டவே வேண்டாம். மூன்று கிலோ முதுகில் இருந்தால்கூட மதியத்துக்குள் கழுத்தும் உட்காரும் இடமும் வலிக்கும். பையின் வாட்டர்ப்ரூஃப் உத்தரவாதத்தை நம்பாமல் துணிகளை உள்ளே தனி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள்.

காலை 5 முதல் 8: ஊரைத் தாண்டுவது

எழுந்ததும் அரை லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், டீயோ காபியோ. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது தவறு. ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புவது அதைவிடத் தவறு. பேட் வைத்த சைக்கிள் டவுசருக்குள் உள்ளாடை போடக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் தொடையிடுக்கை அறுக்கும். உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் முப்பது வினாடி போதும். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், சக்கரத்தை ஃபிரேமில் பூட்டும் குவிக் ரிலீஸ் பிடி இறுக்கமா என்று பாருங்கள், பின்விளக்கைப் போடுங்கள். பின்விளக்கு பகலிலும் எரியட்டும். தை மாதப் பனிமூட்டம் வயல்வெளியில் ஏழரை வரை நிற்கும். அதற்குள் வரும் லாரி ஓட்டுநருக்கு உங்களுடைய சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்.

முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியை ஆறரைக்குள் தாண்டிவிட்டால் நிம்மதி. ஏழரை மணிக்கு மேல் பள்ளி, கல்லூரி, கம்பெனி வண்டிகள் எல்லாம் அந்தச் சாலையில்தான் வரும். கடலூர் வரையிலான முதல் 22, 23 கி.மீ.யை மெதுவாகவே ஓட்டுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம் போதும். காலைக் குளிரில் கால் தானாகப் பறக்கும்; அந்த உற்சாகத்தில் 22 கி.மீ. வேகத்தில் போனவர்கள்தான் சிதம்பரம் வருவதற்குள் சோர்ந்துபோகிறார்கள்.

பெடல் நிமிடத்துக்கு 70 முதல் 85 சுற்று இருக்கட்டும். கனமான கியரைப் போட்டு அழுத்தி மிதித்தால் முழங்கால் கெடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் இழுத்தால் உயர்ந்திருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவரும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. திருத்தும்போது ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

சாலையோரத்து மண்ணை ஒட்டிப் போகக் கூடாது. தார் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே வாருங்கள். விளிம்பில் போனால் பஸ்காரர் இடம் இருப்பதாக நினைத்து உரசிக்கொண்டு வருவார், உங்களுக்கு ஒதுங்கவும் இடம் இருக்காது. பெரிய வண்டி கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், வண்டி தாண்டியதும் உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்தால் வண்டி தானே நேராகும். உங்களை முந்திய டவுன் பஸ் அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டி முன்னால் நிற்கும் என்று எப்போதும் எதிர்பாருங்கள். நான்குவழிப் பகுதிகளில் ஓரப் பாதையில் எதிர்த்திசையில் பைக்குகள் வரும். அகலமான சாலை என்று கண்ணை அசர விடக் கூடாது. புறவழிச்சாலையா ஊருக்குள்ளா என்ற கேள்வி வரும் இடத்தில், தண்ணீரோ சாப்பாடோ தேவையென்றால் ஊருக்குள், இல்லையென்றால் புறவழி.

நாய்கள் ஊர் விளிம்பில், விடியும் நேரத்தில்தான் விரட்டும். வேகமாக மிதித்துத் தப்பிப்பது சாமான் வண்டிக்கு நடக்காத காரியம். நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலான நாய்கள் அத்தோடு ஆர்வம் இழந்துவிடும். கடித்தால், பல் சற்றே கீறியிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தடுப்பூசி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பயணத்தைத் தொடர்வதா என்ற பேச்சு.

சாப்பாடு, தண்ணீர், உப்பு

கடலூரில் காலைச் சாப்பாடு. நாலு இட்லி அல்லது இரண்டு தோசை, சாம்பார் தாராளமாக. பூரி, வடை, நெய் மிதக்கும் பொங்கல் எல்லாம் எண்ணெய். செரிக்க நேரம் ஆகும், அடுத்த ஒரு மணி நேரம் வயிறு கனத்துக் கண்ணைச் சொருகும். பொங்கலை விட மனமில்லாதவர்கள் பயணம் முடிந்த மறுநாள் சாப்பிடலாம்.

ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு பூவன் பழம் ஏறக்குறைய 30 கிராம். ஒரு கைப்பிடி பேரீச்சம்பழமும் அதே அளவு. கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் கடலையில் எண்ணெய் இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். பசி வருவதற்கு முன் தின்ன வேண்டியது அது. ஹேண்டில்பார் பையில் பழமும் பேரீச்சையும் கைக்கெட்டும்படி இருக்கட்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஏதாவது வாயில் போடுங்கள். கால் திடீரென்று காலியாகி, கை நடுங்கி, எரிச்சல் வந்தால் சர்க்கரை தீர்ந்துவிட்டது. உடனே நின்று இனிப்பான டீயும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். மிதித்துக்கொண்டே சரிசெய்ய முடியாது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். நண்பகலில் ஒரு லிட்டர்கூட ஆகும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் நிலைமை மோசமாகும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய பாக்கெட், 21 கிராம் அளவுள்ளது, ஒரு லிட்டருக்கு. 4.2 கிராம் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை முக்கால் லிட்டர் பாட்டிலில் அப்படியே கொட்டினால் கரைசல் கெட்டியாகி வயிற்றைக் கலக்கும். அட்டைப்பெட்டியில் வரும் பழரச பானங்கள் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று ஆகாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம், அதனால் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம். வழியில் கிடைப்பதில் எங்கள் ஓட்டு உப்புப் போட்ட நீர்மோருக்குத்தான்.

சோதனை எளிது. பதினோரு மணிக்குள் ஒருமுறையாவது வெளிர் மஞ்சளாகச் சிறுநீர் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றாலோ நிறம் அடர்ந்திருந்தாலோ தண்ணீர் போதவில்லை. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் கிடைக்கும். பெண்கள் இதைக் கணக்கில் வைத்தே நிறுத்தங்களை முடிவு செய்வது நல்லது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் பாதிப்பு மதியம் தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை 45 கி.மீ. முதலில் சிப்காட் பகுதி வரும். ரசாயன வாடையும் டேங்கர் லாரிகளும் உள்ள அந்த இடத்தில் ஓய்வெடுக்க நிற்காதீர்கள். புதுச்சத்திரம் தாண்டியபின் ஒரு டீக்கு நின்றால் போதும். பதினோரு மணிக்குச் சிதம்பரம். நடராசர் கோயில் நடை நண்பகலில் சாத்தினால் மாலைதான் திறக்கும். தரிசனம் முக்கியமென்றால் அன்றைய இரவைச் சிதம்பரத்திலேயே வைத்துக்கொண்டு நாளை இரண்டாக உடைத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டில் அரை வயிறு சாதம், மோர், முடிந்தால் கத்தரிக்காய் கொத்சு. சாப்பிட்டதும் ஷூவைக் கழற்றி, காலை உயர்த்தி வைத்து ஒரு மணி நேரம் படுக்க ஒரு நிழல். ஒன்றேகாலுக்கு முன் கிளம்ப வேண்டாம்.

பஞ்சர்

இந்தச் சாலையில் பஞ்சருக்கு மூன்று காரணங்கள். வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி, சீமைக்கருவேல முள், காற்றழுத்தக் குறைவால் ரிம் கடிப்பது. நெடுஞ்சாலையில் முதலாவதுதான் அதிகம். சாலையோரத்தில் கிடக்கும் கறுப்பு ரப்பர் துண்டுகளைச் சுற்றி இந்தக் கம்பிகள் சிதறியிருக்கும்; ரப்பரைக் கண்டால் ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். முள்ளுக்கோ, நிழலென்று கருவேல மரத்தடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாமலிருந்தாலே போதும்.

டயரை ரிம்மில் மாட்டும்போது டயரில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேரே வரும்படி எப்போதும் மாட்டுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், டயரில் குத்திய இடத்தைப் பத்து வினாடியில் கண்டுபிடித்துவிடலாம்.

பின்சக்கரம் என்றால் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, குவிக் ரிலீஸைத் திறந்து, டிரெய்லரை, அதாவது செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பின்பக்கக் கருவியை, பின்னால் இழுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டயர் லீவரைப் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும். டியூபை உருவி, மாற்று டியூபைப் போடுங்கள். ஒட்டுப் போடுவது இரவு வேலை. ஆனால் மாற்று டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு பஞ்சுத் துண்டாலோ கைக்குட்டையாலோ முழுச் சுற்றும் தடவுங்கள். கம்பி இருந்தால் பஞ்சு நூல் சிக்கும். வெறும் விரலால் தடவினால் ஒன்று விரல் கிழியும், அல்லது கம்பி விரலுக்குத் தெரியவே தெரியாது. பாதி கம்பி டயருக்குள் புதைந்து, அழுத்தினால் மட்டும் தலை நீட்டும் வகை உண்டு. டயரை வெளிப்புறமாக மடக்கிப் பார்த்து, சின்ன இடுக்கியால் பிடுங்குங்கள். பத்து நிமிடத்தில் இரண்டாவது பஞ்சர் ஆகிறதென்றால் காரணம் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதுதான்.

டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால் அது ரிம் கடித்தது. அப்போது டயரில் எதையும் தேட வேண்டாம், காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போடும்போது, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் வரை தேயுங்கள். சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாக, மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரப் பளபளப்பு மறைந்து தொட்டால் இலேசாக ஒட்டும் பதம் வந்தபின் ஒட்டை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். ஈரத்தில் வைத்த ஒட்டு, டயர் சூடேறியதும் நகர்ந்துவிடும். சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்தால் சில வாரங்களில் உள்ளேயே காய்ந்துபோகும். பயணத்துக்குப் புதிதாக இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.

வால்வு விஷயம் புதியவர்களைப் படுத்தும். பெட்ரோல் பங்கில் இருப்பது கார், பைக் வால்வுக்கான காற்று. ஒல்லியான பிரெஸ்டா வால்வில் அது ஏறாது. அம்பது ரூபாய்கூடப் பெறாத பித்தளை அடாப்டர் ஒன்று பம்போடு கட்டிவையுங்கள். ஊர்க் கடைகளில் 700சி டியூப் (கியர் சைக்கிள்கள் பலவற்றின் பெரிய சக்கர அளவு) கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. 26 அங்குல டியூப் கிடைக்கும். அதை இழுத்து 700சி சக்கரத்தில் போட்டு அடுத்த பெரிய ஊர் வரை ஓட்டலாம். ஆனால் ரிம்மில் பிரெஸ்டாவுக்கான சின்னத் துளை இருந்தால், அதில் பைக் வால்வும் நுழையாது, வால் டியூப் வைத்த பழைய வால்வும் நுழையாது. அந்தச் சைக்கிளுக்கு இரண்டு மாற்று டியூப் கட்டாயம்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே

இனி சம்பா அறுவடை நிலம். கொள்ளிடம் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும். கைகளைத் தளர்த்தி, லாரி மறைக்கும்போது காற்று நின்று, தாண்டியதும் திரும்ப அடிக்கும் என்பதை எதிர்பார்த்து ஓட்டுங்கள். சிதம்பரத்திலிருந்து சீர்காழிக்கு இருபதே கிலோமீட்டர். அங்கே கடைசி டீ.

கிளைச் சாலைகளில் நெல் காயவைத்திருப்பார்கள். சாலையின் ஒரு பாதி நெல், அதன் ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல்லோ கிளையோ. மாலை வெளிச்சத்தில் அந்தக் கல் தெரியாது, சக்கரம் ஏறினால் ஆள் கீழே. நெல்லின் மேல் ஓட்டினால் டயர் வழுக்கும். அதோடு அது ஒருவருடைய அரை வருட உழைப்பு. எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட்டுப் போங்கள்.

வைக்கோல் இன்னும் மோசம். சாலையில் சிதறிக்கிடப்பதன் மேல் ஏறினால் டிரெய்லரின் சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். பெடல் திடீரென்று கனத்தால் அழுத்தாதீர்கள், அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். வலுவாக ஒரு மிதி மிதித்தால் டிரெய்லர் இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது முறியும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி. தமிழ்நாட்டின் பெரிய நகரங்களிலேயே தேட வேண்டியிருக்கும், ஆகவே உங்கள் ஃபிரேமுக்கு உரியது ஒன்று கருவிப் பையில் இருக்கட்டும். அதுவும் இல்லாமல் முறிந்துவிட்டால் செயின் கருவியால் செயினைக் கழற்றி, டிரெய்லரை விட்டுவிட்டு, முன்னே நடுப் பல்சக்கரத்துக்கும் பின்னே அதற்கு நேர்கோட்டில் வரும் ஒன்றுக்கும் சுற்றிவரும் நீளத்துக்குக் குறைத்து, இணைப்புக் கண்ணியால் பூட்டுங்கள். ஒரே கியரில் 30 கி.மீ. மெதுவாகப் போய்ச் சேரலாம், சமதரை என்பதால்.

கை விரல்கள், குறிப்பாகச் சுண்டுவிரல், மரத்துப்போவது இந்த நேரத்தில்தான் தொடங்கும். மணிக்கட்டை மடக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து இருபது மிதி மிதித்தால் உட்காரும் இடத்துக்கு இரத்தம் ஓடும்.

சேர்ந்த பிறகு

திருக்கடையூரில் விடுதிகளுக்குக் குறைவில்லை, ஆனால் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் ஊர். முகூர்த்த நாளென்றால் ஓர் அறைகூட இருக்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். இடமில்லையென்றால் அருகே தரங்கம்பாடியும், இன்னும் 15 கி.மீ. தெற்கே காரைக்காலும் உண்டு.

அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள், சாதத்தோடு முட்டையோ மீனோ சுண்டலோ இருக்கட்டும். குளித்ததும் முதல் வேலை சைக்கிள் டவுசரைத் துவைப்பது. துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே போட்டால் காலைக்குள் காயும். ஈரத்தோடு போட்ட டவுசரால்தான் தொடையில் கொப்புளம் வரும். வந்துவிட்டால் கிள்ளாமல், சுத்தமாகக் கழுவி, இரவு தளர்ந்த லுங்கியில் காற்றோட்டமாக விடுங்கள்.

நாள் கெட்டால் பின்வாங்க வழி இருக்கிறது. வாந்தி, தலைசுற்றல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேச்சு குழறினால் 108. வண்டி மட்டும் பழுதென்றால், சீர்காழி, சிதம்பரம் பக்கம் குட்டி யானை வாடகைக்குக் கிடைக்கும். வண்டி ஏறும் முன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். ரயிலில் திரும்புவதென்றால் மயிலாடுதுறை சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்யலாம். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போங்கள். விளக்கு, பம்பு, பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெயரும் போகும் ஊரும் எழுதிய அட்டையை ஃபிரேமில் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள், டிரெய்லர் மேல்பக்கம் வரும்படி படுக்கவைக்கச் சொல்லுங்கள்.